எழுபத்தெட்டுக் கிராம்

எமென்டாலில் புதன்கிழமை மாலைகளில்
வளையும் கம்பால் ஒரு கறுப்பு வில்லையை அடிக்கிறார்கள்.
ஹோர்னுஸன் என்று பெயர்.
குளவிபோல் இரைவதால் வந்ததாம்.
எனக்கென்னவோ
பக்கத்து அறையில் யாரோ மின்கருவியால்
முகம் மழிப்பதுபோல்தான் கேட்கிறது.

எழுபத்தெட்டுக் கிராம்.
கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் கூட.
அடிப்பவன் தூரத்தில் தீக்குச்சியளவு நிற்பான்.
நாங்கள் பதினெட்டுப் பேர்
நீளப் பிடி வைத்த பலகைகளோடு
வானத்துக்குக் கழுத்தைக் கொடுத்து நிற்போம்.
வருவதை மறிக்க வேண்டும்.
தொடாமல் புல்லில் விழுந்தால்
எங்கள் கணக்கில் ஒரு கரி.

சீஸ் ஆலையில் என்னோடு உப்புநீர்த் தொட்டி பார்க்கும்
பென்ட்ஸ் ஒபெர்லிதான் என்னைச் சேர்த்தான்.
கமலரூபன் என்று கூப்பிட்டு முடிப்பதற்குள்
வில்லை விழுந்துவிடும் என்று
ரூப் ஆக்கினான்.
"ரூப், உனக்கு!"
ஒரு நொடிக்குள் நான் அண்ணாந்திருக்க வேண்டும்.

ஒரு நொடி என்பது ஐந்து மீட்டர்.
கம்பைவிட்டுப் பிரிந்த கணமே அது விழத் தொடங்கிவிடுகிறது,
மேலே ஏறும்போதும்.
போயிருக்க வேண்டிய நேர்கோடு ஒன்று
யாரும் வரையாமலே மலைக்கு மேலே போகிறது.
அந்தக் கோட்டிலிருந்து
முதல் நொடியில் ஐந்து மீட்டர் கீழே,
இரண்டாவது முடிகையில் இருபது,
மூன்றாவதில் நாற்பத்தைந்து.
ஓங்கி அடித்தாலும் தடவி அடித்தாலும்
இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது.
காற்று மட்டும் நடுவில் கை வைக்கும்.

பலகைக்கும் அதே சட்டம்.
மேலே எறிந்தால் என் தலையைத் தேடித்தான் வருகிறது.
இரண்டு வருடத்தில் மூன்று தையல்.

போன புதன், கடைசி அடி.
சூரியன் குன்றுக்குப் பின்னால் போயாயிற்று,
புல்லில் ஈரம்.
இன்னும் ஒன்று, வெளிச்சம் போதும் என்று
அங்கிருந்து வூத்ரிஹ் கையைத் தூக்குகிறான்.
எங்களில் வேகமான அடி அவனுடையது:
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்.

அப்போது பார்த்தேன்.
சத்தமில்லாமல், சிமிட்டாமல்
மேற்கிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி.
செயற்கைக்கோள்.

அதுவும் விழுகிறது.
நானூறு கிலோமீட்டர் உயரத்தில்
ஈர்ப்பு ஒன்றும் தீர்ந்துபோகவில்லை,
இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு.
ஆனால் பூமி உருண்டை:
எட்டுக் கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர் குனிகிறது.
நொடிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறவன்
விழுந்த அளவு தரையும் விலகிக்கொள்கிறது.
மறுபடி விழுகிறான்.
மறுபடி விலகுகிறது.
அவனை மறிக்கப் பலகை பிடித்து யாருமில்லை.

வூத்ரிஹ்ஹின் அடிக்கு மேல்
இன்னும் தொண்ணூறு மடங்கு சொச்சம் வேண்டும் என்று
மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்.
தொண்ணூற்று மூன்று வூத்ரிஹ்கள்,
எல்லார் கையிலும் கம்பு,
எல்லாருக்கும் அதே செம்மீசை.

"ரூப்!"

கேட்டது.
கழுத்து மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது.
என் இடது பூட்ஸுக்கு இரண்டடி தள்ளி
தொப் என்று ஒரு சத்தம்.
புல் மூடிக்கொண்டது.

ஒபெர்லி திட்டவில்லை.
பலகையை மண்ணில் ஊன்றி
நான் பார்த்த பக்கம் தானும் பார்த்தான்.
"அதையா பிடிக்கப் போனாய்?"

பதினெட்டுப் பேரும் கைபேசி வெளிச்சத்தில் தேடினோம்.
வேலிக்கு அந்தப்பக்கம் பசுக்கள்
மணி குலுங்க வந்து நின்று பார்த்தன.
இரண்டடி என்று நான் அடித்துச் சொன்ன இடத்தில்
காளான் இருந்தது,
யாரோ போன வருடம் தொலைத்த கையுறை இருந்தது.

முக்கால் மணி ஆயிற்று.
இந்நேரம் அது நியூசிலாந்துப் பக்கம் விழுந்துகொண்டிருக்கும் என்றேன்.
"நம்முடையதும் அங்கேதான் போயிருக்கும்,"
முழங்காலில் நின்றபடி ஒபெர்லி சொன்னான்,
"நீ கொஞ்சம் தள்ளு,
வெளிச்சத்தை மறைக்கிறாய்."