கசிவுக் கணக்கு

தூரின் நகரத்து அழுக்கெல்லாம்
வாரம் ஒருமுறை வண்டியேறி
எங்கள் செத்திமோவுக்கு வரும்.
மூட்டையை அவிழ்த்தால்
யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் காய்ச்சல்,
எந்த நீதிபதிக்குக் கைக்குட்டைப் பழக்கமில்லை,
எல்லாம் எனக்குத் தெரியும்.
நீலம் மட்டும் தெரியாது,
1912 வரை.

அந்த மார்ச்சில் வக்கீல் புருனெங்கோவின் சட்டை.
மேலங்கிப் பையிலிருந்து ஊறி
இடது மார்பில் உள்ளங்கை அகலக் கறை.
எலுமிச்சை தேய்த்தேன், உப்புப் போட்டேன்,
புளித்த பாலில் இரவெல்லாம் ஊறவைத்தேன்.
வெளிறியது. போகவில்லை.

பொத்தான் கடையும் எவாசியோ
இப்போது பேனா செய்கிறானாம் என்றாள்
பக்கத்துக் கல்லில் துவைத்த நொர்பெர்தா.
கண்காட்சியில் அமெரிக்கப் பேனா ஒன்று வாங்கி
ஞாயிற்றுக் கோழியைக் கூறுபோடுவதுபோல்
மேசைமேல் பிரித்தானாம்.
திரும்பப் பூட்டியபோது ஒரு துண்டு மிஞ்சியதாம்.
அந்தத் துண்டுதான்
வக்கீலின் மார்பில் ஒழுகியிருக்கிறது.

பில்லை வக்கீலுக்கு அனுப்பவில்லை.
ஈரச் சட்டையோடு பட்டறைக்கே போனேன்.
எபோனைட் கடையும் கந்தக நாற்றம்,
அவன் மீசையில் கறுப்புத் துருவல்.
"ஒரு லீரா இருபது" என்றேன்.
கொடுத்தான். பிறகு சட்டையை
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து
தேசப்படம் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தான்.
"இதை விட்டுப் போங்கள், தெல்பீனா."
"அதற்கு வேறு பில்."

வட்டக் கறை என்றால் மூடியின் மரை சரியில்லை.
நீளமாக இறங்கினால் தண்டில் மயிரிழை வெடிப்பு.
பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தால்
பேனாமேல் குற்றமில்லை.
உடம்புச் சூட்டில் மை பொங்கியிருக்கிறது.
ஆள் கோபக்காரர், அல்லது காதலில் இருக்கிறார்.
எவாசியோ எல்லாவற்றையும் நோட்டில் குறித்தான்,
கடைசி வரி நீங்கலாக.

பேனாவுக்குக் கொக்குச் சின்னம் வைத்தான்.
எங்கள் போ நதிக்கரையில் நிற்கும் வெள்ளைக் கொக்கு.
ஒழுகும் பேனாவுக்கு
வெள்ளையைத் தேர்ந்த துணிச்சலைப் பாராட்டினேன்.

போர் வந்தது.
கொக்குகள் பெட்டி பெட்டியாகப் பனிமலைக்குப் போயின.
அங்கிருந்து எந்தச் சட்டையும்
துவைக்க வரவில்லை.
அந்த மூன்றரை வருடம்
ஒழுகியதா இல்லையா,
என் கணக்கில் இல்லை.

அப்புறம் செல்லுலாய்டு. தேன் நிறம், ஆமையோட்டு நிறம்,
பார்த்தால் வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.
ஒரு மதியம் குபீரென்று பற்றிக்கொண்டது.
என் சோப்புத் தண்ணீரைத் தொட்டியோடு ஊற்றி அணைத்தார்கள்.
அதற்கும் பில்.

முப்பத்தைந்தில் தேசத்துக்குப் பொன் கொடு என்றார்கள்.
கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் போட்டோம்,
பதிலுக்கு எஃகு மோதிரம் தந்தார்கள்.
அதே குளிர்காலம் கொக்கின் அலகிலும்
பொன் போய் எஃகு வந்தது.
மை எஃகைத் தின்னும்.
வசந்தத்தில் சட்டைகளில் துரு நிறம்.
என் விரலைச் சுற்றியும் அதே துரு.
எவாசியோவிடம் இரண்டையும் காட்டினேன்.
கதவைச் சாத்திவிட்டு
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

வெள்ளி விழாவுக்குப் புத்தகம் அச்சடித்தார்கள்.
பன்னிரண்டாம் பக்கம்: எமது சொந்த ஆய்வுக்கூடம்.
கண்ணாடிக் குழாயும் கையுமாக ஒருவர்.
எனக்குத் தெரிந்தவர்தான்.
எவாசியோவின் மைத்துனர், பல் வைத்தியர்.

ஆய்வுக்கூடம் பாலத்திலிருந்து மூன்றாவது கல்.
ஜனவரியில் பனிக்கட்டியை உடைத்துத்தான் திறக்க வேண்டும்.
யாரும் வந்து பார்க்கலாம்.

இரண்டு வருடமாக நீலமே வருவதில்லை.
அவன் ஜெயித்துவிட்டான்.
எனக்கு மாதம் முப்பது லீரா நஷ்டம்.
போன வாரம் செம்பளிங்கு நிறத்தில் ஒரு கொக்கைக்
கொண்டுவந்து கொடுத்தான்,
தானே கடைந்ததாம், ஒழுகவே ஒழுகாதாம்.
வாங்கிக்கொண்டேன். பித்தளைக் கிண்ணத்தில்
தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.
இன்றோடு ஆறு நாள்.

இதையெல்லாம் பென்சிலில்தான் எழுதுகிறேன்.
என் ஏப்ரன் வெள்ளை.