குழாய்நாள்

காலை ஏழரைக்கு என் முதல் வேலை
குழாய்களை எண்ணுவது.
ஆட்களை அல்ல.
மூச்சுக்கு ஒன்று, கழுத்தில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று.
பதினான்கு கட்டிலில் இன்று முப்பத்து மூன்று.
ஒரு குழாய் ஓர் உடம்பில் ஒரு நாள் கிடந்தால்
அது ஒரு குழாய்நாள்.
ஆயிரம் குழாய்நாளுக்கு எத்தனை தொற்று
என்றுதான் மேலே கேட்பார்கள்.

மூன்றாம் நாள் வரும் காய்ச்சல் எங்களுடையது.
இரண்டாம் நாள் வந்தால்
நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்தது.
வியாசர்பாடி தனபாக்கியம், ஏழாம் கட்டில்,
இரண்டாம் நாள் இரவு
பதினொன்று ஐம்பதுக்கு நடுங்கத் தொடங்கினார்.
பத்து நிமிடத்தில்
நாங்கள் நிரபராதி.

நான் நுழைந்தால் எல்லோரும் கை கழுவுகிறார்கள்.
அதனால் மருந்து வண்டிக்குப் பின்னால் நின்று
ஊசி எண்ணுவதுபோல் கைகளை எண்ணுவேன்.
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
தவறியவற்றில் ஒன்று என்னுடையது:
தனபாக்கியத்தின் மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று
"அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட்டுப் பாருங்க சிஸ்டர்"
என்று கையாட்டினான்.
கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டேன்,
கழுவாத கையால்.
பதிவேட்டில் எனக்கும் ஒரு பெருக்கல் குறி.

கார்த்திகை மழை.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்கள் நின்று நின்று கூவின.
ஆய்வகத்திலிருந்து எஸ்தர்ராணி போன் செய்தாள்:
"அஞ்சு, ஆறு, ஒம்போது. மூணும் க்ளெப்சியெல்லா.
எந்த மருந்துக்கு மசியும் எதுக்கு மசியாதுன்னு பார்த்தா
மூணுக்கும் ஒரே ஜாதகம், சிஸ்டர்."

வார்டு வரைபடத்தை விரித்து
மூன்று கட்டிலுக்கும் பேனாவால் கோடு இழுத்தேன்.
கோடுகள் முட்டிக்கொண்ட இடத்தில்
ஒரு கைகழுவும் தொட்டி.
'கைகளைக் கழுவுவோம், உயிர்களைக் காப்போம்'
ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான்.
கோணாமல் இருக்க அடிக்கோல் வைத்து ஒட்டினேன்.

பிளம்பர் நூருல்லா அடிக்குழாயைக் கழற்றினார்.
வழவழவென்று ஒரு கருப்பு.
"இதுவா?" என்றார்.
இதுதான், பஞ்சில் தொட்டு அனுப்பியிருக்கிறேன்,
நாளைதான் தெரியும் என்றேன்.
அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.
எங்கே கழுவுவது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

மாதக் கூட்டத்தில் கோடு மேலே ஏறியிருந்தது.
"மத்த இடமெல்லாம் பூஜ்யம் அனுப்பறாங்களேம்மா."
தேடினால்தானே சார் கிடைக்கும் என்றேன்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
யாரோ பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

இன்று காலை ஏழரை.
முப்பது.
நேற்றைவிட மூன்று குறைவு.
குணமானாலும் குறையும்,
இல்லாவிட்டாலும் குறையும்.
ஏழாம் கட்டில் பக்கம் நிமிர்வதற்கு முன்
எண்ணை எழுதிவிட்டேன்.