துவாய்க் கணக்கு

கல்கிசையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல்.
இந்தப் பக்கம் ஏழு விடுதிகள்.
அவற்றின் முதுகுக்குப் பின்னால் நாங்கள்.

இன்று நாற்பத்திரண்டு துவாய்.
இருபது விரிப்பு. தலையணை உறை எண்ணவில்லை.
ஒன்றில் தலைச்சாயம், ஒன்றில் ரத்தம்,
பதினொன்றில் வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு.
அது சவர்க்காரத்துக்கும் அசையாது,
தேசிக்காய்க்கும் அசையாது.
கறை போகாத ஒவ்வொன்றுக்கும்
ருவன் மாத்தயா நூற்றைம்பது வெட்டுவார்.

ஆறு ஐம்பது கோட்டை ரயில் போகையில்
கொடியில் விரிப்புகள் எல்லாம் ஒருசேர எழும்பும்.
பிறகு கரியோடு தணியும்.

குளியலறைக் கொக்கியில் ஒரு அட்டை தொங்குகிறது.
பச்சை இலை, நீலத் துளி.
நான்கு பாஷையில் எழுதியிருக்கிறது,
என் பாஷை அதில் இல்லை.
மகள் ஷெரோமி வாசித்துச் சொன்னாள்:
துவாயை நிலத்தில் போட்டால் கழுவுவார்களாம்,
மாட்டி வைத்தால் பூமியைக் காப்பாற்றினதாம்.
எல்லாரும் நிலத்தில்தான் போடுகிறார்கள் அம்மா.
போடட்டும்.
பூமியைக் காப்பாற்றும் நாளில்
எங்கள் வீட்டில் பாண் வாங்குவது யார்?

எங்கள் லேனில் தண்ணீர் வருவது
இரவு இரண்டு மணிக்கு.
முதலில் குழாய் இருமும். பிறகு காற்று.
பிறகு துருப்பிடித்த ஒரு கை நீர்.
நாற்பத்திரண்டு துவாய்க்கும் அதுதான்.
மஸாஹிரா குழாயடியில் வாளியை வைத்து
மதிலில் தலை சாய்த்துத் தூங்குவாள்.
நிறைகிற சத்தத்துக்கு எழும்புவாள்.
நிறையாத சத்தமும் அவளுக்குத் தெரியும்.

விடுதிக்கு பவுசர் வரும்.
கடலிலிருந்து நாற்பது அடியில்
நீச்சல் தடாகம்.
கடல் இருக்க இது எதற்கு என்று
இங்கே யாரும் கேட்பதில்லை.
கேட்டால் கடலைக் காட்ட வேண்டி வரும்:
யோகட் கோப்பை, ஸ்ட்ரோ, ஒற்றைச் செருப்பு,
மழை பெய்தால் கான் கொண்டு வரும் மற்றதெல்லாம்.
மணலும் ஒருமுறை போனது.
எங்கிருந்தோ கப்பலில் கொண்டு வந்து கொட்டினார்கள்,
வேற்றூர் மணல், கடும் மஞ்சள்.
இரண்டு கச்சான் காற்று தாங்கவில்லை.

புதன்கிழமை
பவுசரைப் பின்னால் எடுத்தபோது
எங்கள் குழாய் உடைந்தது.
பட்டப்பகல் பதினொன்றரை.
ஆள் உயரத்துக்கு எழும்பியது தண்ணீர்.
சாரதி தலையில் கைவைத்தான்.
நாங்கள் வைக்கவில்லை, கையில் வேலை இருந்தது:
குடம், பேசின், ரைஸ் குக்கர் சட்டி,
மீன்காரரின் ஐஸ் பெட்டி,
பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல் ஒன்பது.
டிக்மன் அண்ணன் உடுப்போடு நடுவில் நின்று
தலைக்குச் சவர்க்காரம் போட்டார்.
மூன்றாம் மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்
எங்களைப் படம் எடுத்தாள்,
ஏதோ திருவிழா என்று நினைத்தோ என்னவோ.
கையசைத்தாள்.
மஸாஹிரா திருப்பி அசைத்தாள், குடம் இடுப்பில் தளும்ப.

நான் உள்ளே ஓடி
என் வீட்டு விரிப்பை எடுத்து வந்தேன்.
மற்றவர்களுடையதை முடித்த மிச்ச நீரில்
இருட்டில் அலசியே பழகின துணி.
பகலில் பார்த்தால்
அதன் பூக்கள் ஊதா நிறம்.
கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

நாற்பது நிமிஷம்.
திருத்தக் கூலி லேன்காரர் தலையில் என்று
இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது.

பொழுதுபட்டுத் தொட்டியைக் கவிழ்த்தால்
அடியில் ஒரு பிடி மணல் இருக்கும்,
யார் யாரோ காலிலும் முதுகிலும் ஒட்டி வந்தது.
பால்மா டின்னில் சேர்த்து வந்தேன்.
நிறைந்ததும் பாதை தாண்டிப் போய்
கடலிடமே கொடுத்துவிடலாம் என்று
ஒரு யோசனை.
நேற்று டின் நிறைந்தது.
அடிப்பிடித்த கறிச்சட்டி ஒன்று கிடந்தது.
தேய்த்தேன்.
நல்ல மணல்.
தண்ணீர் கூட அதிகம் கேட்கவில்லை.