கடைசிப் பாகம்

ரெண்டாவது ஆட்டம் விட்டு வந்து
தண்டையார்பேட்டை டீக்கடையில்
ரெண்டாய்ப் பிரிந்தோம்.

"பதினோரு வருசம் காத்துக் கெடந்தது இதுக்கா?" என்றான் தேசிங்கு.
"இன்னா மாதிரி ஆளு!
சக்கரை வந்து, விரல எடுத்து,
ஸ்டான்லி பெஞ்ச்சுல
டோக்கன் கூவறதுக்குள்ள செத்துப் பூட்டான்.
ஒரு கத்தி இல்ல, ஒரு ஓட்டம் இல்ல."

இருதயராஜ் பெஞ்சில் குத்தினான்.
டீ சிந்தியது.
"மொதப் பாகத்துல அவன் வெட்டுனவனுங்களுக்கு
டோக்கனாவது கெடச்சுதாடா?"

எனக்கு ரெண்டும் சரியாய்ப்பட்டது.
இரண்டாம் பாகத்தில் துரத்தும் கும்பலில்
நானூறு ரூபாய்க்கும் ஒரு பொட்டலம் பிரியாணிக்கும்
நானும் ஓடியிருக்கிறேன்.
நின்று பார்த்தால்
என் நீலச் சட்டை தெரியும்.

காதர் ஒலி மட்டும் பேசவில்லை.
காசிமேட்டு ஐஸ் பேக்டரிக்குப் பின்னால்
அவன் அண்ணன்.
அதை நாங்கள் பேசுவதில்லை.

வண்டியை உதைத்துவிட்டுத் திரும்பினான்.
"அந்த ஆஸ்பத்திரி சீன்ல
பின்னாடி ஒரு பையன்
ஆரஞ்சு உரிச்சிட்டு
யாருக்குக் குடுக்கறதுன்னு
முழிச்சினு நின்னானே,
பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

"நாளைக்கு மறுபடி போறேன்"
என்றான்.