அடிமூட்டை

ஆம்னி வண்டியில் எஞ்சின் எங்கே என்று கேட்பவர்கள்
ஒருமுறையும் அதில் ராயக்கோட்டையிலிருந்து
தருமபுரிக்கு வராதவர்கள்.
அது என் தொடைக்குக் கீழே இருக்கிறது.

இரவு இரண்டரைக்கு ஏற்றுவேன்,
எட்டு மூட்டை சாமந்தி.
பாலக்கோடு சர்க்கரை ஆலை தாண்டும்போது
சீட்டு கொதிக்கும்.
பூ மார்க்கெட்டில் சாக்கம்மா
மேல்மூட்டையைத் தொடவே மாட்டாள்.
அடிமூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு
ஒரு பிடி அள்ளி மோந்து
"வெந்த பூ" என்பாள்.
மூன்று கிலோ கழிவு.
நான் வாய் திறக்க மாட்டேன்.
அதே சூட்டில்தான் நானும் வெந்து வந்திருப்பேன்.

வார்ப்பு மேனிபோல்டு விரிசல் விட்டபோது
தஸ்தகீர் குழாய் வளைத்துப் பற்றவைத்தான்.
மூன்று சிலிண்டர், மூன்று குழாய்,
ஒன்றாய்ச் சேரும் இடத்தில்
பழைய தையல் தழும்புபோல ஒரு வெல்டிங்.
"இதும்மேல நாடா சுத்திட்டா
சூடு வெளிய வராது" என்றான்.

பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தது,
பழுப்பு நாடா, மூன்று விரல் அகலம்.
வாளித் தண்ணீரில் ஊறவைத்தோம்.
ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏறும்படி
இழுத்து இழுத்துச் சுற்றினான்,
வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
புத்தூர்க் கட்டுக்குக் கையை நீட்டி உட்கார்ந்ததுபோல
வண்டி அசையாமல் நின்றது.
எஃகுப் பட்டை போட்டு இறுக்கி நுனியை நறுக்கினான்.
கண்ணாடி நார். அன்றிரவு இருவருக்கும்
முழங்கை வரை அரிப்பு.
அவன் தேங்காய் எண்ணெய் என்றான்,
நான் மண்ணெண்ணெய் என்றேன்,
இரண்டும் கேட்கவில்லை.

முதல் ஓட்டத்தில் புகைந்தது.
மாரண்டஅள்ளியில் ரயில்வே கேட் மூடியிருக்க,
டீக்கடைக்காரர் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார்.
"தீ இல்லண்ணே, புதுசு."
புதுசு கொஞ்சநேரம் புகையும் என்பதை
அவர் நம்பவில்லை.
தண்ணீரைக் கீழே வைக்கவுமில்லை.

சாக்கம்மா கைவிட்டாள். மோந்தாள்.
இன்னொரு பிடி எடுத்தாள்.
ஒன்றும் சொல்லாமல் தராசில் தூக்கினாள்.
அந்த ஐப்பசி முழுக்க
கால் கிலோகூடக் கழியவில்லை.

மார்கழி வந்தது.
இருபுறமும் ராகிக் கொல்லை, கண்ணாடியில் பனி,
என் சீட்டு
பூட்டிக்கிடந்த வீட்டுத் தரைபோலச் சில்லென்று.
பத்து வருஷம் வைத சூட்டை
காலால் துழாவினேன்.
முன்பெல்லாம் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால்
முள் சொல்லும் முன் தொடை சொல்லும்.
இப்போது எஞ்சின் எதையும் சொல்வதில்லை.

தை பிறந்ததும் படபடவென்று ஒரு சத்தம்.
தஸ்தகீர் கத்தியால் நாடாவைக் கிழித்தான்.
நடுக்குழாய் வெங்காயச் சருகாய் உரிந்தது.
"வெளிய விடலன்னா அது எங்க போவும்?
இரும்பத்தான் தின்னும்.
பனித்தண்ணி வேற உள்ள ஊறிக் கெடக்குது."
குழாயைப் பற்றித்தான் சொன்னான்.
வீட்டில் சொல்லாத ஏலச்சீட்டை
நான் ஏன் நினைத்தேனோ.

இப்போது மூட்டைப் பக்கத்து இரண்டு குழாய்க்குப்
புதுக் குழாய், புது நாடா.
என் பக்கத்துக் குழாய்க்கு ஒன்றுமில்லை.
"அரைகுறை வேல எம்பேர்ல சொல்லாத" என்று
தஸ்தகீர் இரண்டு நாள் பேசவில்லை.
மழைக்குப் பிறகு பிரித்துப் பார்ப்பதாக
மூன்றாம் நாள் ஒப்பந்தம்.

காலை ஐந்தேகால்.
தொடை இதமாக இருக்கிறது.
சாக்கம்மா அடிமூட்டையில் கைவிடுகிறாள்.
ஒரு இதழ் வாடவில்லை.
பனி சொட்டும் உள்ளங்கையை
என் முகத்துக்கு நேரே விரிக்கிறாள்:

"ஈரம். ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்."