அறைவெப்பநிலை

காளைகளின் விந்தை உறையவைக்கத்தான்
எங்கள் ஊருக்குத் திரவ நைதரசன் வருகிறது.
மாதம் ஒருக்கா, கொழும்பிலிருந்து, லொறியில்.
கால்நடைப் பணிமனையில் றெஜினோல்ட் அதில்
நாலு லீற்றர் எனக்கு ஊற்றித் தருவார்.
"மாடு சினைப்படாட்டி உங்களைத்தான் காட்டிக்குடுப்பன்" என்பார்.

ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில் குடுவை.
கொக்குவில் கடவை பூட்டு.
இறுக்கி மூடக்கூடாது, மூடினால் வெடிக்கும்;
ஆகவே ரயில் வரும்வரை
என் ஆராய்ச்சி கொஞ்சம் கொஞ்சமாய்
வெள்ளைப் புகையாகி வெயிலுக்குள் போகிறது.
பக்கத்துச் சைக்கிள் பொடியன் கேட்டான்:
"ஐஸ்கிறீமோ அக்கா?"

வில்லை ஒரு ரூபாய்க் குற்றியளவு, கறுப்பு.
இற்றியம், பேரியம், செம்பு,
தோள்மூட்டு நோக அரைத்து
தொளாயிரத்து முப்பது பாகையில் சுட்டது.
பத்து மணித்தியாலம் கரண்ட் வெட்டின அந்த வருசம்
சூளை நடுவில் ஆறி
பதினேழு வில்லைகள் பாசிப்பச்சையாய் வந்தன.
பச்சை கடத்தாது.
பதினேழும் இன்னும் ஜன்னல் விளிம்பில் இருக்கின்றன.

தடை என்ற சொல்லைப் பௌதிகத்துக்கு முன்னமே அறிவேன்.
பற்றரி தடை. மெழுகுதிரி தடை.
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு
அண்ணன் பெடலைச் சுற்ற
டைனமோவில் செய்தி வாசித்தார்கள்.
அவன் கை மாற்றும் இடைவெளியில்
எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்
எப்போதும் விடுபட்டுப்போகும்.

பின்னர் பாடநூலில் வாசித்தேன்:
மீக்கடத்தி வளையத்தில் ஒருமுறை ஏவிவிட்டால்
மின்னோட்டம் ஆண்டுக்கணக்காய் ஓடும்,
சுற்ற ஆள் வேண்டாம்.
அந்தப் பக்கத்தில் நிறைய நேரம் இருந்தேன்.

குளிர வேண்டும். அதுதான் விலை.

போன ஆடியில் எங்கோ தூரநாட்டில்
குளிர் கேட்காத சாம்பல்நிறக் கல்லொன்று
காந்தத்தின்மேல் எழும்பி நின்றதாம்.
ஈயமும் பொசுபரசும் தேடி
நாங்களும் அஞ்சு நாள் நித்திரையில்லாமல் சுட்டோம்.
கல்லுக் கல்லாய்க் கிடந்தது.
"ஒரு கரை தூக்கினமாதிரி இல்லையோ?"
கன்னத்தை மேசையில் வைத்தபடி பிரணவரூபன்.
மின்விசிறியை நிற்பாட்டினேன்.
பிறகு அது அசையவில்லை.

கட்டுரைகளில் அறைவெப்பநிலை என்றால் இருபது பாகை.
யாருடைய அறை?
சித்திரை, அஸ்பெஸ்ரஸ் கூரை, திருநெல்வேலி:
எங்கள் சுவரில் முப்பத்தாறு.
உலகம் கண்டுபிடித்து முடித்த பிறகும்
எங்களுக்கு இன்னும் பதினாறு பாகை தேடக் கிடக்கும்.

மிச்சமிருந்த இரண்டு லீற்றரில்
இன்றைக்கு வில்லையை இறக்கினோம்.
நூறு கெல்வின். தொண்ணூற்றைந்து.
வோல்ற்றுமானியில் இலக்கங்கள் சரியத் தொடங்கின.
தொண்ணூற்றொன்றில் பூச்சியம்.
மற்றவர்களுக்கு எப்போதோ கிடைத்த
அதே பழைய தொண்ணூற்றொன்று.
ஆனாலும் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

"கல்சியம் கொஞ்சம் கூட்டிப் பாப்பமோ?"

றெஜினோல்டுக்கு அழைத்தேன்.
அடுத்த லொறி பதினெட்டாம் திகதியாம்.