திருகுப் பூட்டு

குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.
விற்றவன் சொன்னது அவ்வளவுதான்.
க்ளிப் இல்லாத பெடல் என்று அதற்குப் பெயர்,
கவ்வுவதைத் தவிர வேறு வேலை தெரியாத அதற்கு.
பெயர் வைத்தவனைக் கூட்டி வந்து
எண்ணூர் விரைவுச் சாலையில்
ஒரு சிக்னல் நேரம் நிற்க வைக்க வேண்டும்.

ஷூ நாற்பத்தொன்று, என் கால் நாற்பது.
முனையில் பஞ்சு அடைத்திருக்கிறேன்.
அடியில் இரும்பு நாக்கு.
படியிறங்கினால் லாடச் சத்தம்.
கீழ்வீட்டு ரெஜினா கதவைத் திறந்து
"இன்னாக்கா, விடியறதுக்குள்ள டான்ஸா" என்கிறாள்.

திருவொற்றியூரிலிருந்து தெற்கே.
ஐந்தேகால் மணி.
இடப்பக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்,
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
அரை அடி, முக்கால் அடி கடல்.
முதுகுக்குப் பின்னால் மணலியின் நெருப்பு
எரிந்தபடியே இருக்கிறது,
யாரும் அதை அணைக்கச் சொல்வதில்லை.

ஓடும்போது ஒன்றுமே ஆகவில்லை.
காலும் வண்டியும் ஒரே எலும்பு.
மிதிப்பதோடு இழுக்கவும் முடிகிறது,
பாதத்துக்கு இப்படியொரு வேலை உண்டென்று
நாற்பத்திரண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

நிற்கும்போதுதான்.
பிரேக் பிடித்து, முழுசாக நின்று,
'ஓ, கால்' என்று நினைத்து,
அந்த நினைப்பு இடுப்பைத் தாண்டுவதற்குள்
மூட்டை சாய்வதுபோல மெதுவாகச் சாய்கிறேன்.
விழுவதை வேடிக்கை பார்க்க
எனக்கே நேரம் இருக்கிறது.

இரண்டாவது தடவை உஷாராக
இடது காலைக் கழற்றினேன்.
வலப்பக்கம் விழுந்தேன்.

லாரி நிழலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான் பெஞ்சலய்யா.
கூடூர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
அவன் வண்டியை எனக்குத் தெரியும்.
முந்தாநாள் ராத்திரி எடைமேடையில்
நான்தான் சீட்டு போட்டேன்:
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ.
நுரையைத் துப்பிவிட்டு
"நேத்து மூணு, இன்னிக்கு ரெண்டே மேடம்" என்றான்.
தூக்கிவிட வரவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

முழங்கையில் ஒட்டிய மணலைத் தட்டியபடி
அவன் வண்டியின் வாலருகே உட்கார்ந்தேன்.
பெட்டியின் நான்கு மூலையிலும் நான்கு பூட்டு,
பிடியைத் திருகினால் கவ்வும், திருகினால் விடும்.
தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு தடவை மறந்துட்டேன் மேடம், என்று
கேட்காமலே தொடங்கினான்.
மூணு பூட்டு கழட்டினேன். நாலாவது, போன் வந்திச்சி.
கிரேன் பெட்டியைத் தூக்கிச்சி,
பெட்டியோட வண்டி, வண்டியோட நான்.
ஒரு மூலையில தொங்கறேன்,
கையில ஸ்டியரிங், கீழ எல்லாம் கத்தறாங்க.
சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது.
நானும் சிரித்தேன், விலா வலிக்க.
வலித்தது நிஜமாகவே விழுந்த இடம்.

மறுநாள் வரிசை நகர்ந்துவிட்டது.
அவன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை,
ஒரு பேஸ்ட் டியூப்.
கொருக்குப்பேட்டை கேட் மூடப்போகும் மணி
தூரத்திலேயே கேட்டது.
ஷேர் ஆட்டோக்கள் முந்திக்கொண்டு ஓட,
நான் அறுபது அடி முன்னாலேயே
குதிகாலைத் திருப்பினேன்.
க்ளக்.
கால் தரையைத் தேடி இறங்கி
தரை அங்கேயே இருப்பதைக் கண்டது.
சரக்கு ரயில் போனது, எண்ணவில்லை, நீளமான ரயில்.
பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
மூணு, ரெண்டு, என்று சொல்லிக்கொண்டேன்,
அடுத்ததைச் சொல்ல ஆளில்லாமல்.

ஆறரைக்கு எடைமேடை. லாரி எதுவும் வரவில்லை.
சைக்கிளோடு மேடைமேல் ஏறி
ஒரு கால் பெடலில், ஒரு கால் இரும்புத் தகட்டில்.
எங்கள் மேடைக்கு இருபது கிலோவுக்குக் குறைந்த கணக்கு தெரியாது.
அறுபது என்றது. எண்பது என்றது.
மறுபடி அறுபது.
நான் அசையாமல் நின்றேன்,
எழுபதாக இருப்பேன் போல.
சீட்டு அடிக்கலாம்தான்.
வண்டி எண் என்ற இடத்தில் என்ன போட?